நவோதயா பள்ளிகளில் சேர்பவர்கள் யார்?

புது தில்லி: மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் பள்ளி வகை வாரியான தேர்ச்சிப் பட்டியலில் முன்னணியில் நிற்பவை ஜவாஹர் நவோதயா வித்யாலயாக்கள். 2025-ஆம் ஆண்டு பிளஸ் 2 தேர்வில் நாடு முழுவதற்குமான தேர்ச்சி விகிதம் 88.39 சதவீதம். நவோதயா பள்ளிகளின் தேர்ச்சி விகிதமோ 99.29 சதவீதம். கேந்திரிய வித்யாலயாக்கள் 99.05 சதவீதத்துடன் அடுத்த இடத்தைப் பெற்றன. பெருந்தொகையைக் கட்டணமாக வசூலிக்கும் தனியார் பள்ளிகளின் விகிதம் 87.94 சதவீதம் மட்டுமே.

அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பள்ளி தனியார் பள்ளிகளை விஞ்சுவது பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்த 99.29 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இப்பள்ளிகளின் தரத்தை எடை போட்டுவிட முடியுமா? இப்பள்ளிகளுக்குள் வந்த குழந்தைகள் யார், எங்கிருந்து வந்தனர், எத்தனை பேர் இறுதிவரை நிலைத்தனர் என்ற விவரங்களைச் சேர்த்துப் பார்க்காமல் தேர்ச்சி விகிதத்தைப் படிப்பது, நோயாளியின் நிலையை அறியாமல் மருத்துவமனையைப் பாராட்டுவதற்கு ஒப்பாகும்.

புதிதாக 28 நவோதயா பள்ளிகளைத் தொடங்க மத்திய அமைச்சரவை 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. 2028-29 வரையிலான 5 ஆண்டுகளுக்கு இதற்காகும் செலவு சுமார் ரூ.2,360 கோடி என மதிப்பிடப்பட்டது. தொடக்கம் முதல் இத்திட்டத்தை ஏற்காத தமிழகத்தைப் பொருத்தவரை, 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு பழைய விவாதத்தை மீண்டும் உயிர்ப்பித்தது. இந்நிலையில், இப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைக் கணக்கு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஆராய்வது அவசியமாகிறது.

திட்டத்தின் தோற்றம்

கிராமப்புறத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காகத் திறமையுள்ள குழந்தைக்கு நல்ல கல்வி மறுக்கப்படக் கூடாது என்பதே நவோதயா திட்டத்தின் அடிப்படை. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 1985-86-ஆம் கல்வியாண்டில் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முயற்சியாக இரு பள்ளிகள் தொடங்கப்பட்டன. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. அப்போது மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் பி.வி. நரசிம்ம ராவ்.

இப்பள்ளிகளை மத்திய அரசு நேரடியாக நடத்துவதில்லை. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நவோதயா வித்யாலயா சமிதி என்ற தன்னாட்சி அமைப்பு நடத்துகிறது. பணம் முழுவதும் மத்திய அரசுடையது, நிர்வாகம் சமிதியுடையது, நிலத்தை மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்ற அடிப்படையில் 661 பள்ளிகள் அனுமதிக்கப்பட்டு, அவற்றில் 653 செயல்பட்டு வருவதாக 2024 டிசம்பரில் அரசு தெரிவித்தது. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அதிகம் வாழும் 20 மாவட்டங்களுக்கு இரண்டாவது பள்ளியும் வழங்கப்பட்டுள்ளது.

அரசுப் பணம், தன்னாட்சி நிர்வாகம் என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவின் 'சார்ட்டர்' பள்ளிகளை நினைவூட்டக் கூடியது. அங்கு மினசோட்டா மாநிலம் 1991-இல் இதற்கென முதல் சட்டத்தை இயற்றியது. பொதுப் பணத்தைப் பெறும் இப்பள்ளிகள் அரசுப் பள்ளிகளுக்கு உரிய பல விதிகளிலிருந்து விலக்குப் பெறுகின்றன. பதிலுக்கு, ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட கல்வித் தரத்தை எட்டிக் காட்ட வேண்டும். இப்பள்ளிகள் எளிதில் கற்பிக்கக் கூடிய குழந்தைகளையே சேர்த்துக்கொள்கின்றனவா, மாற்றுத்திறன் குழந்தைகளையும் ஆங்கிலம் அறியாத குடும்பத்துக் குழந்தைகளையும் பக்கத்து அரசுப் பள்ளிக்குத் தள்ளிவிடுகின்றனவா என்ற சர்ச்சை அங்கு 30 ஆண்டுகளாக ஓயவில்லை. அந்தச் சர்ச்சையின் பயனாக ஒரு நல்ல வழக்கம் உருவானது. தேர்ச்சியைப் பேசுவதற்கு முன்பாக, மாணவர்களின் இனம், குடும்ப வருமானம், மொழி, உடல் குறைபாடு ஆகியவற்றைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதே அது.

சேர்க்கை விதிகள்

நவோதயா பள்ளிகளில் 6-ஆம் வகுப்புச் சேர்க்கை நுழைவுத் தேர்வு மூலம் நடைபெறுகிறது. இரண்டு மணி நேரத் தேர்வில் 80 கேள்விகள். மொத்தம் 100 மதிப்பெண்கள். இதில் பாதி மதிப்பெண்கள் சிந்தனைத் திறனுக்கு உரியவை. மீதி கணக்குக்கும் மொழிக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

குறைந்தபட்சம் 75 சதவீத இடங்கள் கிராமப்புற மாணவர்களுக்கு உரியவை. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மாணவிகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அந்தந்த மாவட்ட மக்கள்தொகையின் விகிதத்தில் இடஒதுக்கீடு உண்டு. எந்த மாவட்டத்திலும் அது முறையே 15 சதவீதம், 7.5 சதவீதம் என்ற அளவுக்குக் குறையக் கூடாது. இரண்டும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீடு 2021-22-ஆம் கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

கல்வி, விடுதி, உணவு, சீருடை, பாடநூல் யாவும் இலவசம். 9-ஆம் வகுப்பு முதல் மட்டும் வளர்ச்சி நிதியாக மாதம் ரூ.600 பெறப்படுகிறது. மாணவிகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மாணவர்கள், மாற்றுத்திறன் மாணவர்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோர் ஆகியோருக்கு இதிலிருந்தும் விலக்கு உண்டு.

எண்கள் சொல்வது

2024 மார்ச் இறுதி நிலவரப்படி நவோதயா மாணவர்களில் 42 சதவீதத்தினர் மாணவிகள். தாழ்த்தப்பட்டோர் 24 சதவீதம். பழங்குடியினர் 20 சதவீதம். இதர பிற்படுத்தப்பட்டோர் 39 சதவீதம். எஞ்சிய 17 சதவீதத்தினர் பொதுப் பிரிவினர்.

இதனை நாட்டின் அனைத்துப் பள்ளிகளின் கணக்குடன் ஒப்பிடலாம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் திட்டம் (யுடைஸ் பிளஸ்) ஆண்டுதோறும் இக்கணக்கை வெளியிடுகிறது. 2023-24-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் பள்ளி மாணவர்களில் தாழ்த்தப்பட்டோர் 18 சதவீதம், பழங்குடியினர் 9.9 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோர் 45.2 சதவீதம், பொதுப் பிரிவினர் 26.9 சதவீதம். மாணவிகள் 48 சதவீதத்துக்குச் சற்று அதிகம்.

இரு கணக்குகளையும் அருகருகே வைத்தால் கிடைக்கும் சித்திரம் பலரது ஊகத்துக்கு மாறானது. நுழைவுத் தேர்வு வைக்கும் பள்ளி என்றால் முன்னேறிய வகுப்பினரே நிறைந்திருப்பர் என்பது பொதுவான எண்ணம். ஆனால், நவோதயா பள்ளிகளில் தாழ்த்தப்பட்டோரின் பங்கு நாட்டின் சராசரியைவிட 6 சதவீதப் புள்ளிகள் அதிகம். பழங்குடியினரின் பங்கு இரு மடங்கு. விதிப்படி இவ்விரு பிரிவினருக்கும் சேர்த்துக் குறைந்தபட்சம் 22.5 சதவீத இடங்களே கட்டாயம் என்ற நிலையில், உண்மையில் அவர்கள் 44 சதவீத இடங்களில் உள்ளனர். இதர பிற்படுத்தப்பட்டோரும் தங்கள் ஒதுக்கீட்டைக் காட்டிலும் 12 புள்ளிகள் கூடுதலாகவே இடம் பெற்றுள்ளனர். மாணவிகளும் மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பைக் கடந்துவிட்டனர். எனினும், நாட்டின் சராசரியை அவர்கள் இன்னும் எட்டவில்லை. பத்து, பதினொரு வயதுப் பெண் குழந்தையை விடுதிக்கு அனுப்பப் பெற்றோர் காட்டும் தயக்கத்தையும், மூன்றில் ஒரு பங்கே கட்டாயம் என்ற விதியையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாவட்ட எல்லையின் விளையாட்டு

இத்துடன் கணக்கை முடித்துக்கொண்டால், நவோதயா பள்ளிகள் சமூக நீதித் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால், இந்தச் சராசரிக்குள் ஒரு சிக்கல் உள்ளது.

மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்பது விதி. மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்பது அதில் கணக்கில்லை. மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கின்றனர். லட்சத்தீவில் வாழ்பவர்கள் 64,473 பேர். அவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் பழங்குடியினர். அங்கும் மினிக்காய் தீவில் ஒரு நவோதயா பள்ளி இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலும் மத்திய இந்தியாவின் மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் மிகுந்த, மக்கள்தொகை குறைந்த மாவட்டங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி கிடைக்கும்போது, நாடு முழுவதற்குமான சராசரியில் பழங்குடியினரின் பங்கு தானாகவே உயர்ந்துவிடுகிறது.

2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 28 பள்ளிகளின் பங்கீடும் இதையே காட்டுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 14 லட்சம் மக்களைக் கொண்ட அருணாசல பிரதேசத்துக்கு 8 பள்ளிகள், தெலங்கானாவுக்கு 7, அஸ்ஸாமுக்கு 6, மணிப்பூருக்கு 3, மேற்கு வங்கத்துக்கு 2, கர்நாடகத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் தலா ஒன்று. பட்டியலில் முன்னணியில் உள்ளவை மாவட்டங்களைப் பிரித்துப் புதிய மாவட்டங்களை உருவாக்கிய மாநிலங்கள். 10 மாவட்டங்களுடன் பிறந்த தெலங்கானாவில் 2019-க்குப் பிறகு 33 மாவட்டங்கள். மாவட்டத்தைப் பிரித்தால் பள்ளி கிடைக்கும்; மக்கள் பெருகினால் கிடைக்காது என்பதே நடைமுறை.

தொலைதூர மலைப் பகுதிக்கும் தீவுக்கும் பள்ளி கிடைப்பது குறையன்று. திட்டத்தின் நோக்கமே அதுதான். ஆனால், நாடு முழுவதற்குமான 20 சதவீதம் என்ற எண்ணைக் காட்டி, ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ குறிப்பிட்ட ஒரு மாவட்டத்தில் பழங்குடியினக் குழந்தைகளுக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது என வாதிட இயலாது. சரியான ஒப்பீடு என்பது ஒவ்வொரு பள்ளியையும் அதன் மாவட்டத்துடன் ஒப்பிடுவதுதான். அந்த ஒப்பீட்டுக்கும் ஆதாரம் 15 ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, ஜாதிவாரி விவரங்களுடன் அது நடத்தப்படும் என 2025 ஜூனில்தான் அறிவிக்கை வெளியானது. 2011-க்குப் பிறகு பிரிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு இச்சிக்கல் இன்னும் கூடுதல்.

விண்ணப்பம் கேட்காத கேள்வி

ஜாதியும் பாலினமும் கணக்கில் உள்ளன. குடும்பத்தின் பொருளாதார நிலை சேர்க்கைத் தகுதியில் இல்லை. நவோதயா சேர்க்கைக்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது.

கிராமப்புற மாணவர் என்பதற்கான இலக்கணமும் குடும்பத்தைப் பற்றியதன்று; பள்ளியைப் பற்றியது. 3, 4, 5-ஆம் வகுப்புகளைக் கிராமப்புறத்தில் அமைந்த அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருந்தால் போதும். அது ஊராட்சி ஒன்றியப் பள்ளியாகவும் இருக்கலாம். நகர எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலையோரத்தில் கட்டப்பட்ட தனியார் ஆங்கிலப் பள்ளியாகவும் இருக்கலாம். விவசாயக் கூலியின் மகளும், அதே ஒன்றியத்தில் பணிபுரியும் அரசு அதிகாரியின் மகனும் ஒரே 75 சதவீதத்துக்குள் போட்டியிடுகின்றனர்.

வட மாநிலங்களின் சிறு நகரங்களில் நவோதயா நுழைவுத் தேர்வுக்கெனவே பயிற்சி மையங்கள் நடக்கின்றன. வழிகாட்டி நூல்கள் விற்பனையாகின்றன. பத்து வயதுக் குழந்தைக்குப் பயிற்சிக் கட்டணம் செலுத்தக் கூடிய குடும்பமும், அத்தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிராத குடும்பமும் ஒரே ஜாதிப் பிரிவுக்குள் இருக்க முடியும். ஆகவே, தாழ்த்தப்பட்டோர் 24 சதவீதம் என்ற எண், அவர்களில் யார் என்ற கேள்விக்கு விடை தராது. பெற்றோரின் தொழில், பெற்றோரின் கல்வி, 5-ஆம் வகுப்பு வரை படித்த பள்ளியின் வகை ஆகிய மூன்று விவரங்களைப் பள்ளிவாரியாகத் தொகுத்து வெளியிட்டாலே இந்த மறைவு விலகிவிடும்.

சேர்ந்தவரும் தேர்வெழுதியவரும்

தேர்ச்சி விகிதத்துக்குத் திரும்பலாம். 653 பள்ளிகளில் ஆண்டுதோறும் 6-ஆம் வகுப்பில் சேர்பவர்கள் சுமார் 49,640 பேர். நாட்டில் ஒவ்வொரு வகுப்பிலும் ஏறத்தாழ 2 கோடி குழந்தைகள் பயில்கின்றனர். அதாவது, நானூறு குழந்தைகளில் ஒருவரைத் தேர்வின் மூலம் பொறுக்கி எடுத்து, ஏழு ஆண்டுகள் விடுதியில் தங்கவைத்துக் கற்பிக்கும் பள்ளியையும், கதவைத் தட்டும் எவரையும் மறுக்க இயலாத அரசுப் பள்ளியையும் ஒரே பட்டியலில் நிறுத்துகிறோம். 2025 பிளஸ் 2 தேர்வில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்ட அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் 90.48 சதவீதம். இவ்விரண்டுக்கும் இடையிலான சுமார் 9 புள்ளிகளில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பொறுக்கியெடுத்ததன் பங்கு எவ்வளவு என்பதை இப்பட்டியல் பிரித்துக் காட்டாது.

மற்றொன்றும் உண்டு. 6-ஆம் வகுப்பில் சேர்ந்த அனைவரும் பிளஸ் 2 வரை இருப்பதில்லை. இடையில் விலகுவோரின் இடங்களை நிரப்ப 9-ஆம் வகுப்பிலும் 11-ஆம் வகுப்பிலும் மீண்டும் தேர்வின் மூலம் புதியவர்கள் சேர்க்கப்படுகின்றனர். ஆகவே, பிளஸ் 2 தேர்வு எழுதுவோர் ஏழாண்டுகளுக்கு முன் சேர்ந்த அதே குழந்தைகள் அல்லர். விலகியவர்கள் யார் என்பது தெரியாத வரையில், 99.29 என்பது நிலைத்து நின்றவர்களின் விகிதமே தவிர, சேர்ந்தவர்களின் விகிதம் ஆகாது.

அமெரிக்க சார்ட்டர் பள்ளிகள் விஷயத்தில் இச்சிக்கலைத் தீர்க்க இரு வழிகள் கையாளப்பட்டன. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால் அங்கு குலுக்கல் நடைபெறும். குலுக்கலில் இடம் கிடைத்த குழந்தையையும் கிடைக்காத குழந்தையையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிடுவது ஒரு வழி. ஒரே சமூகப் பின்னணியும் ஒரே தொடக்க மதிப்பெண்ணும் கொண்ட இரு மாணவர்களை இணைத்து ஒப்பிடுவது மற்றொரு வழி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் இரண்டாவது வழியில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், சார்ட்டர் பள்ளிகளில் 17 சதவீதம் மட்டுமே வழக்கமான அரசுப் பள்ளிகளைவிடச் சிறப்பாக இருந்தன. 37 சதவீதம் பின்தங்கியிருந்தன. மற்றவற்றில் வேறுபாடு இல்லை. அதே மையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் சார்ட்டர் பள்ளி மாணவர்கள் சற்று முன்னேறியிருந்தனர். இருமுறையும் முடிவு எதுவாயினும், ஒப்பீட்டுக்கு வேண்டிய மாணவர் விவரம் ஆய்வாளர்களின் கையில் இருந்தது.

நவோதயா பள்ளிகளில் குலுக்கல் இல்லை. ஆயினும், கடைசி இடத்தைப் பிடித்த குழந்தையும் ஓரிரு மதிப்பெண்ணில் அதைத் தவறவிட்ட குழந்தையும் திறமையில் ஏறத்தாழச் சமமானவர்களே. ஒருவர் நவோதயா செல்கிறார். மற்றவர் ஊர்ப் பள்ளியில் தொடர்கிறார். ஏழாண்டுகளுக்குப் பிறகு இருவரும் எங்கே நிற்கின்றனர் என்பதைப் பார்த்தால், பள்ளி உண்மையில் எதைச் சேர்த்தது என்பது தெரிந்துவிடும். யுடைஸ் கணக்கு 2022-23 முதல் பள்ளிவாரி எண்ணிக்கையைக் கடந்து, மாணவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனியே பதிவு செய்கிறது. சமிதியிடம் உள்ள நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை அதனுடன் பெயர் நீக்கி இணைத்தால் இந்த ஆய்வு கைகூடும்.

சேர்க்கைக்குப் பிறகு

சேர்க்கைக் கணக்கில் நியாயம் இருப்பதாலேயே பள்ளிக்குள்ளும் அது இருப்பதாகக் கொள்ள முடியாது. 2013 முதல் 2017 வரையிலான 5 ஆண்டுகளில் நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதும், அவர்களில் பாதிப் பேர் தலித், பழங்குடியினக் குழந்தைகள் என்பதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் 2018 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தாமாக முன்வந்து மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வீட்டையும் ஊரையும் விட்டு வந்த குழந்தைகளுக்கு விடுதியில் ஆறுதல் சொல்ல ஆளில்லை என்பதும், ஆசிரியர்களே விடுதிக் காப்பாளர்களாகவும் இருப்பதும் அப்போது விவாதிக்கப்பட்டன. ஒரு பள்ளியில் சேர்ந்தவர், விலகியவர் கணக்கைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவது இக்குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தேவையான ஒன்றாகும்.

செலவும் பயனும்

2025-26 மத்திய பட்ஜெட்டில் நவோதயா சமிதிக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் ரூ.5,305 கோடி. பயிலும் மாணவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். விடுதி, உணவு, ஆசிரியர் ஊதியம் எல்லாம் சேர்த்து ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். அதே பட்ஜெட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு (சமக்ர சிக்ஷா) ரூ.41,250 கோடி ஒதுக்கப்பட்டது. 2024-25 கணக்குப்படி நாட்டின் அரசுப் பள்ளிகளில் 12.16 கோடி மாணவர்கள் உள்ளனர். தலைக்குச் சுமார் ரூ.3,400.

இவ்விரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையாகாது. மாநில அரசுப் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியத்தைப் பெரும்பாலும் மாநிலங்களே ஏற்கின்றன. உண்டு உறைவிடப் பள்ளியின் செலவு இயல்பாகவே அதிகம். ஆயினும், மத்திய அரசு எந்தக் குழந்தைக்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வியை இந்த இடைவெளி எழுப்பத்தான் செய்கிறது. அனைவருக்கும் பொதுப்பள்ளி என்ற முறையை 1964-66-இல் கோத்தாரி குழு பரிந்துரைத்தது. அதை விட்டுவிட்டு, சிலரைப் பிரித்தெடுத்து வளர்ப்பது சரியா என 1986 முதலே கல்வியாளர்களில் ஒரு பிரிவினர் கேட்டு வருகின்றனர். குழந்தைகளைச் சேர்க்கும்போது வடிகட்டும் தேர்வு கூடாது என 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. அதே சட்டம் நவோதயா பள்ளிகளைத் தனிவகைப் பள்ளிகள் என வரையறுத்தது. நுழைவுத் தேர்வு தொடர்கிறது.

நவோதயா பள்ளிகள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வழிகாட்டியாக விளங்க வேண்டும் என்பது 1986 கொள்கையின் எதிர்பார்ப்புகளில் ஒன்று. நவோதயா அமைந்த ஒன்றியத்தில் மற்ற அரசுப் பள்ளிகளின் சேர்க்கையும் கற்றல் திறனும் உயர்ந்தனவா, குறைந்தனவா என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். தேர்ச்சிப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

தமிழகத்தின் கேள்வி

தொடக்கம் முதல் நவோதயா திட்டத்தை ஏற்காமல் இருந்துவந்த ஒரே மாநிலம் தமிழகம். மும்மொழித் திட்டமே அதற்கு முதன்மைக் காரணம். தொடக்க வகுப்புகளில் தாய்மொழி வழியில் கற்பிக்கும் இப்பள்ளிகள், அதன் பிறகு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலும், சமூக அறிவியலை ஹிந்தியிலும் கற்பிக்கின்றன. 9-ஆம் வகுப்பில் 30 சதவீத மாணவர்கள் ஓராண்டுக்கு ஹிந்தி பேசும் பகுதிக்கும் பேசாத பகுதிக்கும் இடையே மாற்றி அனுப்பப்படுகின்றனர்.

நவோதயா பள்ளிகளை அமைக்க வழிசெய்யுமாறு 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுக்கு அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 டிசம்பரில், ஒவ்வொரு மாவட்டத்திலும் தேவைப்படும் நிலத்தைக் கண்டறியுமாறும், மத்திய அரசுடன் கலந்து பேசுமாறும் உச்ச நீதிமன்றம் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

மொழிக் கொள்கை அரசியல் முடிவு. அதற்கு மாணவர் சேர்க்கைக் கணக்கில் விடையில்லை. ஆனால், ஏழைக் கிராமப்புறக் குழந்தைகள் இழந்தது எவ்வளவு என்று ஒரு தரப்பும், வசதி படைத்தவர்களே பயன்பெறுவர் என்று மறுதரப்பும் முன்வைக்கும் வாதங்கள் கணக்குக்கு உட்பட்டவை. 38 மாவட்டங்களிலும் தலா 80 இடங்கள் எனில் ஆண்டுக்கு 3,040 இடங்கள். தமிழகத்தில் 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பேர். முந்நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கும். அந்த ஒருவர் யாராக இருந்திருப்பார் என்பதற்கு, பிற மாநிலங்களில் குடும்பப் பின்னணி விவரம் வெளியானால்தான் நம்பத்தகுந்த விடை கிடைக்கும்.

இக்கேள்வி மத்திய அரசுக்கு மட்டும் உரியதன்று. தமிழக அரசும் மாவட்டந்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளை நடத்துகிறது. அப்பள்ளிகளின் மாணவர்கள் உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவது கொண்டாடப்படும்போதும், அவர்கள் எந்தக் குடும்பங்களிலிருந்து வந்தனர், அவர்கள் விட்டுவந்த அரசுப் பள்ளிகள் என்ன ஆயின என்று கேட்பதே முறையான மதிப்பீடு. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை ரூ.27,360 கோடியில் மேம்படுத்த 2022-இல் அறிவிக்கப்பட்ட பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கும் இது பொருந்தும். அங்கு பொறுக்கி எடுக்கப்படுபவை குழந்தைகள் அல்ல, பள்ளிகள். முன்பே நன்றாக இருந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது நன்றாக இருப்பதைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டும் ஆபத்து அதிலும் உண்டு.

அவையில் வைக்க வேண்டியவை

நவோதயா பற்றி நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் தங்கள் தொகுதிக்குப் பள்ளி எப்போது வரும் என்பதாகவே அமைகின்றன. அமைச்சர்களின் எழுத்துபூர்வ பதில்களும் மாநிலவாரி எண்ணிக்கையுடன் முடிந்துவிடுகின்றன. சமிதியின் ஆண்டறிக்கையுடன் நான்கு அட்டவணைகளை அவையில் வைக்குமாறு உறுப்பினர்கள் கோரலாம். ஒவ்வொரு பள்ளியின் சமூகப் பிரிவு வாரியான சேர்க்கையும் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை விகிதமும் முதலாவது. மாணவர்களின் பெற்றோர் தொழிலும் அவர்கள் முன்பு படித்த பள்ளியின் வகையும் இரண்டாவது. 6-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பிளஸ் 2 வரை நிலைத்தவர்களின் எண்ணிக்கை மூன்றாவது. இடையில் விலகியவர்களின் சமூகப் பிரிவும் காரணமும் நான்காவது.

இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே பள்ளிகளின் பதிவேடுகளில் உள்ளவை. புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. அவை வெளியானால், புதிய 28 பள்ளிகளை எங்கு, யாருக்காகத் தொடங்குவது என்பதை அருணாசல பிரதேசமும் தெலங்கானாவும் முடிவு செய்ய உதவும். நவோதயா வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் தமிழகத்தில் தங்கள் வாதத்தை அவற்றின் மீது நிறுத்த முடியும்.